ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியும் ஓரணாச் சிற்றுண்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் பழைய மாநகராட்சித் தொடக்கப்பள்ளிகளைப் பற்றி நான் எங்கே பேச்செடுத்தாலும் அது கடைசியில் ஆயிரம் விளக்குப் பள்ளியில்தான் போய் நிற்கும். "அங்கேதானே முதல்முதலில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள்?" என்று ஒருவர் கேட்பார். "இல்லையே, அது காமராஜர் கொண்டுவந்தது" என்று பக்கத்தில் இருப்பவர் மறுப்பார். இன்னொருவர் எம்.ஜி.ஆர். என்பார். மூவர் சொல்வதிலும் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நானும் மாநகராட்சிப் பள்ளியில் தட்டோடு வரிசையில் நின்றவன். அதனால் இதை எட்ட நின்று எழுத எனக்கு வராது.

எந்தப் பள்ளியைப் பற்றிப் பேசுகிறோம்?

சென்னை மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலையை ஒட்டிய ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சி நடத்திய ஆரம்பப் பள்ளி. பெரிய கட்டடம், பெரிய பெயர் எதுவும் இல்லாத, ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளி. மாநகராட்சி மன்றத்தின் 1920ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்றால்தான் அதன் பெயர் வரலாற்றில் ஏறியது.

ஆயிரம் விளக்கு என்ற பெயர் எப்படி வந்தது?

அங்கே இருக்கும் மசூதியால். ஆற்காடு நவாப் குடும்பத்தார் 1800களின் தொடக்கத்தில் அந்த இடத்தில் ஒரு மண்டபம் கட்டினார்கள். முகரம் நாட்களில் ஷியா முஸ்லிம்கள் கூடும் அந்த மண்டபத்தில் ஆயிரம் விளக்கு ஏற்றுவார்களாம். அந்த விளக்குகளின் பெயர் பேட்டைக்கே நிலைத்துவிட்டது.

1920 செப்டம்பர் 16 அன்று என்னதான் நடந்தது?

அன்றுதான் சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி கொடுக்க ஒப்புதல் தந்தது. நாள் ஒன்றுக்கு ஒரு மாணவனுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. மன்றத்தின் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயச் செட்டியார். அங்கே படிக்கும் பையன்கள் ஏழைகள், அந்த ஏழ்மை பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பெரிதும் பாதிக்கிறது என்று அவர் மன்றத்தில் எடுத்துச் சொன்னார். இன்னும் நான்கு இடங்களுக்கு இதை விரிவாக்கவும் மன்றம் ஒருமனதாக ஒப்புக்கொண்டது.

இதில் நான் கவனித்துப் பார்ப்பது அவர் சொன்ன காரணத்தை. பாவம், பசிக்கிறது, ஏதாவது கொடுப்போம் என்ற அளவில் அவர் நிற்கவில்லை. பசியால் பள்ளிக்கூடம் காலியாகிறது என்று பேசினார். இன்றைக்கும் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் கேட்பது "உங்க ஸ்கூல் ஸ்ட்ரெங்த் எவ்வளவு?" என்றுதான். அந்தக் கவலைக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

மத்தியான மணி அடித்ததும் நகரத்துப் பள்ளிப் பையன் எங்கே போவான் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குப் போவான். வீட்டில் அம்மாவும் வேலைக்குப் போயிருப்பார், அடுப்பு எரிந்திருக்காது. காலையில் பழையது குடித்துவிட்டு வந்த பையன் மத்தியானம் வெறும் வயிற்றோடு திரும்பி வந்து வாய்ப்பாடு சொல்வானா? தெருவிலேயே நின்றுவிடுவான். சில நாள் கழித்து யாராவது அவனைக் கடையிலோ பங்களாவிலோ எடுபிடி வேலைக்குச் சேர்த்துவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வரிசையாக 'ஆ' விழும். ஆப்சென்ட்.

ஓரணா என்றால் எவ்வளவு?

ஒரு ரூபாய்க்கு 16 அணா. இன்றைய கணக்கில் ஓரணா என்பது ஆறேகால் காசு. ஆனால் அப்படி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. அன்றைய மாநகராட்சிக்கு இது எவ்வளவு பெரிய செலவு என்று பார்ப்பதுதான் சரி. நூறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓரணா முழுதாகச் செலவழித்தால் ஒரு நாளைக்கு 6 ரூபாய் 4 அணா. மாதத்தில் 20 நாள் பள்ளி நடந்தால் 125 ரூபாய். ஒரு மாநகராட்சிக்கு இது தாங்க முடியாத தொகை இல்லை. ஆனாலும் எந்தப் பணத்திலிருந்து கொடுப்பது என்ற கேள்வியில்தான் பின்னால் எல்லாம் சிக்கிக்கொண்டது. அதைக் கீழே சொல்கிறேன்.

அது மதியச் சாப்பாடா?

தீர்மானத்தில் இருப்பது டிபன். சிற்றுண்டி. இலை போட்டுச் சோறு, குழம்பு, கூட்டு என்று கற்பனை செய்ய வேண்டாம். பின்னால் வந்த மதிய உணவுத் திட்டங்களுக்கு முன்னோடி என்பதால் இதையும் மதிய உணவு என்றே எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

தியாகராயர் சென்னையின் முதல் மேயர்தானே?

இல்லை. இந்தத் தவறு மேடைப் பேச்சுகளில் நிறைய வருகிறது. அவர் மாநகராட்சி மன்றத்தின் தலைவர், அந்தக் கால வழக்கில் பிரசிடென்ட். தேர்ந்தெடுக்கப்பட்டு அந்த இருக்கைக்கு வந்தவர்களில் முதலாமவர். மேயர் என்ற பதவியே 1933இல்தான் வந்தது. முதல் மேயர் ராஜா சர் முத்தையா செட்டியார்.

தியாகராயர் 1852இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். நெசவுத் தொழில் செய்யும் தேவாங்கர் சமூகத்திலிருந்து வந்து, வண்ணாரப்பேட்டைப் பக்கம் நெசவாலை நடத்தியவர். 1916இல் டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் சி. நடேசனார் ஆகியோரோடு சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். மக்கள் அதை நீதிக்கட்சி என்றே அறிவார்கள். 1920 தேர்தலில் அந்தக் கட்சி வென்றபோது முதல் அமைச்சர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் அந்தப் பொறுப்பை ஏற்றார். வெள்ளுடை வேந்தர் என்று இன்றும் தியாகராயரைச் சொல்வார்கள். தி.நகர் என்று நாம் சுருக்கிவிட்ட தியாகராய நகரில் இருப்பது அவர் பெயர்தான். தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவில் நெரிசலில் நகரும்போது, நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிற சோற்றோடு அந்தப் பெயருக்கு ஓர் ஒட்டு இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சிற்றுண்டி கொடுத்ததால் பிள்ளைகள் உண்மையிலேயே அதிகம் வந்தார்களா?

வந்தார்கள். திட்டம் நடந்த பள்ளிகளில் நான்கில் 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது என்று மாநகராட்சியே கணக்குக் காட்டியது. இரண்டே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல்.

அப்படி நன்றாக நடந்தது ஏன் நின்றது?

இந்த வரலாற்றில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1920இல் சென்னை மாகாணத்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் கல்வி வரி போடலாம், கட்டாயக் கல்வியைப் படிப்படியாகக் கொண்டுவரலாம் என்று அது வழி செய்தது. வரியும் அரசு மானியமும் சேர்ந்து ஆரம்பக் கல்வி நிதி என்று ஒரு தனிக் கணக்கு உருவானது. சிற்றுண்டிச் செலவும் அந்தக் கணக்கிலேயே எழுதப்பட்டது. 1925 ஏப்ரல் 1 முதல் அப்படி எழுதக் கூடாது என்று அரசு தடுத்துவிட்டது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவு செய்ய அனுமதி இல்லை. அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சாப்பாடே போடக் கூடாது என்று எந்தச் சட்டமும் வரவில்லை. பணம் வந்துகொண்டிருந்த கணக்கை மூடினார்கள், தட்டு காலியாகிவிட்டது.

பலகை வாங்கினால் கல்விச் செலவு. பெஞ்சு வாங்கினால் கல்விச் செலவு. அந்தப் பெஞ்சில் பிள்ளையை உட்கார வைத்த சிற்றுண்டி கல்விச் செலவு இல்லையாம்.

வெள்ளைக்காரன் நிறுத்திவிட்டான் என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. அது முழு விவரம் ஆகாது. அப்போது மாகாணத்தில் இரட்டையாட்சி. கல்வித் துறை இந்திய அமைச்சரிடம் இருந்தது. கல்வி அமைச்சர் ஏ.பி. பாத்ரோ நீதிக்கட்சிக்காரர். ஆனால் நிதியோ கவர்னரின் நிர்வாக சபையிடம் இருந்தது. துறை ஒருவர் கையிலும் பெட்டிச் சாவி இன்னொருவர் கையிலும் இருந்த ஏற்பாடு அது.

இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? 1906இலேயே அங்கே பள்ளி உணவுக்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. போதிய உணவில்லாத பிள்ளை, கொடுக்கப்படும் கல்வியின் முழுப் பயனையும் பெற முடியாது என்பதை அந்தச் சட்டமே ஏற்றுக்கொண்டது. அத்தகைய பிள்ளைகளின் உணவுக்காக உள்ளூர்க் கல்வி அமைப்புகள், வரி விதிக்கும் சொத்து மதிப்பில் ஒரு பவுண்டுக்கு அரைப் பென்னி என்ற அளவுக்குள், வரிப் பணத்தையே செலவிடலாம் என்று அனுமதித்தது. பிராட்ஃபோர்டு நகரத்தில் நெசவாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு 1907இலேயே பள்ளிச் சாப்பாடு தொடங்கிவிட்டது. லண்டனில் 1906இல் ஒப்புக்கொண்ட நியாயம் 1925இல் சென்னை மவுண்ட் ரோடு வரை வந்து சேரவில்லை.

சிற்றுண்டிக் கணக்கு மூடப்பட்ட அதே ஏப்ரல் மாதம் 28ஆம் தேதி தியாகராயர் இறந்துபோனார். 73 வயது முடிந்து ஒரு நாள்.

நிறைய இடங்களில் 1925இல்தான் திட்டம் தொடங்கியது என்று போட்டிருக்கிறதே?

ஆமாம், இந்திய அளவிலான கட்டுரைகள் பலவற்றில் "1925இல் சென்னை மாநகராட்சி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது" என்று ஒரு வரி வரும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியே அது பரவிவிட்டது. தீர்மானம் 1920. 1925 அது நிறுத்தப்பட்ட ஆண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதில் கவனமாக இருங்கள்.

மறுபடி எப்போது தொடங்கியது?

இரண்டு ஆண்டு கழித்து. இந்த முறை 25 பள்ளிகளில் ஏறக்குறைய 1,000 ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. பள்ளிகள் கூடின. ஆனால் 1,000த்தை 25ஆல் வகுத்துப் பாருங்கள், பள்ளிக்கு நாற்பது பேர். முன்பு நான்கு பள்ளிகளில் மட்டுமே 1,671 பேர் படித்தார்கள். ஆக, ஒரு பள்ளியிலேயே யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று பிரிக்க வேண்டி வந்திருக்கும். பக்கத்தில் இருப்பவன் சாப்பிட, நீ ஏழை என்ற பட்டியலில் இல்லை என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒரு வாத்தியார் எப்படிச் சொல்வார் என்று நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அப்படியானால் காமராஜர் செய்தது என்ன?

மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். அதைச் சின்ன விஷயமாக யாரும் நினைக்க வேண்டாம். சென்னையில் நடந்தது ஒரு நகரத்தின் சில பள்ளிகளில். காமராஜர் 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தது ஊர் ஊராகப் போனது. முதலில் அது அரசுப் பணத்தில் நடக்கவில்லை. ஊர் மக்கள் கொடுத்த நெல், அரிசி, விறகு, காய்கறி, காசு ஆகியவற்றில்தான் உலை கொதித்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் இதற்காகப் பேசினார். 1957 முதல் செலவில் பத்துக்கு ஆறு பங்கை அரசு ஏற்றுக்கொண்டது, மீதி உள்ளூரில் திரட்ட வேண்டும். 1960களில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அனுப்பிய பால் பவுடரும் ரவையும் எண்ணெயும் வந்தன. அந்தத் தலைமுறைக்காரர்களிடம் கோதுமை உப்புமா என்று சொன்னால் போதும், வாசனை முதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

எம்.ஜி.ஆர். செய்தது?

1982 ஜூலை 1 அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமப்புறத்தில் 2 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு. அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் நகரங்களுக்கும் வந்தது. 1984இல் 15 வயது வரை நீட்டினார்கள். ஏற்கெனவே இருந்த திட்டத்துக்குப் பெயர் மாற்றியதுதானே என்று சொல்பவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். யாரிடமும் கையேந்தாமல் அரசே முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டது. பள்ளிக்குப் பள்ளி சத்துணவுக் கூடம், அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் போட்டு நிலைக்க வைத்தது. இவ்வளவு செலவு தாங்குமா என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் கேட்டார்கள். பசித்தால் அழ மட்டுமே தெரிந்த வயதில் தான் பட்டினி கிடந்த அனுபவத்திலிருந்துதான் இந்தத் திட்டம் வந்தது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

முட்டை எப்போது வந்தது?

1989இல், கலைஞர் ஆட்சியில், இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு படிப்படியாகக் கூடி 2010இல் வாரம் ஐந்து நாளும் முட்டை என்றானது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்களும் முட்டை மசாலாவும் வந்தன.

சோற்றுக்காகத்தானே வருகிறார்கள், படிக்கவா வருகிறார்கள்?

இந்தக் கேள்வியை நான் முதன்முதலில் கேட்டது இரண்டாம் வகுப்பில். சத்துணவு நகரத்துக்கு வந்த புதிது. வட சென்னையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப்பள்ளி, பெயர் வேண்டாம். நாங்கள் தட்டை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடும்போது ஒரு டீச்சர் இன்னொருவரிடம், "பாரு, சோத்துக்கு வர்ற கூட்டம்" என்றார். எங்களைத் திட்ட வேண்டும் என்றெல்லாம் அவருக்கு எண்ணமில்லை, ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அன்றைக்கு நான் தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வரிசையில் நிற்காமல் சுவரோரம் நின்றது இன்னும் மறக்கவில்லை.

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுமினியத் தட்டு. அப்பா ஆணியும் சுத்தியலும் வைத்து என் பெயரின் முதலெழுத்தை அடியில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தார். மஞ்சள் பையில் சிலேட்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவே அது இருக்கும். நடக்கும்போது சிலேட்டில் இடித்து 'டங் டங்' என்று சத்தம் போடும். மழை வந்தால் தலைக்குக் குடை, மணல் விளையாட்டில் முறம். வரிசையில் ஆயா முதலில் சோறு வைப்பார். நாங்கள் உடனே விரலால் நடுவில் குழி பறிப்போம், அடுத்து வாளியோடு வருபவர் சாம்பாரை அந்தக் குழியில்தான் ஊற்றுவார். குழி பெரிதாக இருந்தால் சாம்பாரும் கூட விழும் என்பது எங்கள் கணக்கு. என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் கொள்ளளவுக் கணக்கு அதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு முன்னால் நிற்கும் பெண் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவள் தட்டில் பாதி தம்பிக்கு. ஆயா எதுவும் கேட்காமல் அவளுக்கு ஒரு கரண்டி கூட வைப்பார். சாப்பாடு இல்லாவிட்டால் அந்தப் பெண் தம்பியோடு வீட்டிலேயே இருந்திருப்பாள். இருந்ததால் வந்தாள், மத்தியானத்துக்கு மேல் வகுப்பிலும் உட்கார்ந்தாள், கூட்டல் கழித்தல் போட்டாள், என்னைவிட நன்றாகவே போட்டாள்.

ஆமாம், சோற்றுக்கு வந்தோம். வந்த இடத்தில் படித்தோம். 1924-25இல் அந்த 1,671 பேரில் எத்தனை பேர் சிற்றுண்டிக்காக வந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு போயிருப்பார்கள்! இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அன்று அந்தச் சுவரோரம் நின்றபோது எனக்குச் சொல்ல யாரும் இல்லை. அதனால் இப்போது உரக்கச் சொல்கிறேன்.

காலை உணவுத் திட்டத்துக்கும் இந்தப் பள்ளிக்கும் என்ன தொடர்பு?

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். முதல் கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப்பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். 2023 ஆகஸ்ட் 25இல், கலைஞர் படித்த திருக்குவளைப் பள்ளியிலிருந்து மாநிலம் முழுவதும் விரிவானது. அப்போது 31,008 பள்ளிகள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று.

தேதியைக் கவனியுங்கள். அண்ணா பிறந்தநாள் என்பதால் செப்டம்பர் 15. தியாகராயர் காலத்துத் தீர்மானமோ செப்டம்பர் 16. 102 ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் குறைவு. இன்னொரு ஒட்டும் உண்டு. ஸ்டாலின் ஆயிரம் விளக்குத் தொகுதியில் நான்கு முறை வென்றவர், 1996இல் சென்னை மேயரும் ஆனவர். சாப்பாடாக வளர்ந்த திட்டம் மறுபடி டிபனையும் சேர்த்துக்கொண்டது எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பவே சந்தோஷம்.

இப்போதாவது இது கல்விச் செலவுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்களா?

நல்ல கேள்வி. இந்திய அளவில் 1995 ஆகஸ்ட் 15இல் ஒரு தேசியத் திட்டம் வந்தது. ஆனால் பல மாநிலங்களில் தானியத்தை மூட்டையாகக் கொடுத்து அனுப்பினார்கள். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளிலும் சமைத்த சாப்பாடே போட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிள்ளையின் உரிமையாகவே ஆக்கியது.

தமிழ்நாட்டில் சத்துணவை இத்தனை ஆண்டும் நடத்திவருவது சமூக நலத்துறை. பள்ளிக்கல்வித் துறை அல்ல. காலை உணவுத் திட்டத்துக்கும் அதே துறைதான். சரி, நிர்வாக வசதிக்குக் காரணங்கள் இருக்கலாம், சோறு ஒழுங்காக வருகிற வரை எந்தத் துறை என்பது பிள்ளைக்குத் தேவையில்லாத விவரம். ஆனாலும் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் இது 'நலத்திட்டம்' என்ற தலைப்பில் வரும்போது எனக்கு 1925 நினைவுக்கு வரும். நலத்திட்டம் என்றால் நாளை ஒருவர் வந்து இலவசம் என்று பேசலாம், குறைக்கலாம் என்று கேட்கலாம். கரும்பலகையை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை. அந்தக் கரும்பலகைக்குப் பக்கத்தில், அதே கணக்கில், இந்தத் தட்டும் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

மாநகராட்சிப் பள்ளி என்ற பெயரே இப்போது பலகைகளில் இல்லையே?

சென்னை தொடக்கப் பள்ளி, சென்னை நடுநிலைப் பள்ளி, சென்னை மேல்நிலைப் பள்ளி என்று மாற்றிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் கார்ப்பரேஷன் ஸ்கூல்தான்.

எங்கள் தெருவிலும் இப்படி ஒரு பழைய பள்ளி இருக்கிறது. அதன் வரலாற்றை எங்கே தேடுவது?

முதலில் பள்ளியிலேயே தேடுங்கள். கட்டடத்தின் நெற்றியிலோ தூணிலோ அடிக்கல் நாட்டிய கல் இருக்கும். பல இடங்களில் அதன் மேலேயே நாலு கோட் பெயிண்ட் அடித்திருப்பார்கள். சாய்ந்த வெயிலில் பார்த்தால் எழுத்து தெரியும். அப்புறம் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, சேர்க்கை நீக்கல் பதிவேட்டைப் பாருங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் அதில் ஒரே வரியில் இருக்கும். பெற்றோர் தொழில் என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தாலே அந்தப் பேட்டை எப்படி மாறியது என்று புரியும். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை மட்டும் வெளியே எழுதிவிடாதீர்கள்.

மாநகராட்சி மன்றத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளும் கல்வித் துறை ஆணைகளும் வேண்டுமென்றால் எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். பழைய செய்தித்தாள்களுக்குக் கன்னிமாரா நூலகம்.

இதை விடுமுறையில் செய்கிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள். கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும்போதும் இடிக்கும்போதும்தான் பழைய பீரோவைக் காலி செய்வார்கள். கரையான் அரித்த பதிவேடு எடைக்குப் போய்விடும். போன வருடம் ஒரு பள்ளியில், மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்திருந்ததில் மேலே இருந்த ஒன்றை நானே பிரித்துப் பார்த்தேன். 1940களின் வருகைப் பதிவேடு. ஒரு பக்கத்தில் பாதிப் பெயர்களுக்கு நேரே அந்த 'ஆ' எழுத்து வரிசையாக இருந்தது. தலைமை ஆசிரியரிடம் சொன்னதும் மூட்டையைத் திரும்ப உள்ளே எடுத்துவைக்கச் சொன்னார்.